ஊமையாகிப்போன ஹாரன்



ஹாரன் இல்லாமல் ஓடும் வண்டியை நம் ஊரில் கற்பனை செய்தும் பார்க்க இயலாது. லாரிகளின் பின்புறத்திலேயே ‘ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதிவைத்து, அடிப்பதை ஒரு மரியாதையாகவே ஆக்கிவிட்டவர்கள் நாம். நான் இப்போது பணியாற்றும் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரிலோ ஒரு வாரம் முழுவதும் ஒரு ஹாரன் ஒலிகூடச் செவியில் விழாத நாட்கள் உண்டு. எவரேனும் அடித்துவிட்டால், என்னவோ ஏதோ என்று வீட்டிலுள்ளோர் வாசலுக்கு வந்துவிடுவர். ஆகவே, ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, பங்கு மக்களுள் ஒருவரான எண்பது வயதுப் பெரியவர் என் கையைப் பற்றி, “ஃபாதர், என் வண்டியின் ஹாரன் பேச மறுக்கிறது” என்று துயரத்தோடு சொன்னபோது, அந்தத் துயரத்தின் கனம் எனக்கு உடனே விளங்கவில்லை.

குருமடத்தில் சேருமுன் இரண்டாண்டு தொழிற்பயிற்சிப் பள்ளியில் வண்டிகளின் மின்வேலை பயின்றவன் நான் என்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஆலய மண்டபத்து ஒலிபெருக்கியை ஒரு முறை பழுது பார்த்ததன் விளைவு அது. ஒரு சிறு நன்மை செய்தால் அது நூறு வேலைகளை இழுத்துவரும் என்பதைப் பங்குத் தந்தையர் அனைவரும் அறிவர்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது 1950ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவர்லே பிக்கப். முன்னால் இருவர் மூவர் அமரும் அறையும், பின்னால் மரப்பலகை பரப்பிய திறந்த தொட்டியும் கொண்ட சிறு பார வண்டி. இந்த வரிசை வண்டிகள் 1947ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை வெளிவந்தன. எஞ்சினைக் கிளப்புவதற்குத் தரையிலுள்ள மிதியைக் காலால் அழுத்த வேண்டும். பாட்டரி, ஓட்டுநருக்கு அடுத்து அமர்பவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். பெட்ரோல் தொட்டியோ இருக்கைக்குப் பின்னால், அறைக்குள்ளேயே! இதனை அறியாமல் அங்கே வெறும் கம்பியால் பொறி பறக்கவிட்டுச் சோதனை செய்யப் புகுவோர் தம் ஆன்மாவை முதலில் ஆயத்தம் செய்துகொள்வது நலம். மின்கம்பிகளில் கை வைக்குமுன் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவதே முறை. மின்சாரத்தோடு சோதிக்க வேண்டிய இடங்களில் மட்டும் அதனை மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

பெரியவரின் தந்தை இதனைப் புதிதாக வாங்கினார். மகன் கைக்கு வந்து, கோதுமையும் பன்றிக்குட்டிகளும் பிள்ளைகளும் ஏறியிறங்கிய வண்டி. இப்போது ஆண்டிற்குச் சில நாட்களே வெளியே வருகிறது. அவற்றுள் முக்கியமான நாள் புனித இசிதோர் திருநாள். மாட்ரித் நகரத்து உழவரான இந்தப் புனிதர், நம் சவேரியாரோடும் இஞ்ஞாசியாரோடும் அவிலா தெரேசம்மாளோடும் பிலிப்பு நேரியாரோடும் ஒரே நாளில், 1622 மார்ச் 12 அன்று, புனிதர் பட்டம் பெற்றவர். அமெரிக்கத் திருச்சபை அவர் நினைவை மே 15 அன்று கொண்டாடுகிறது. எங்கள் பங்கில் அன்று வயல்களையும் டிராக்டர்களையும் மந்திரிப்பது வழக்கம். டிராக்டர்களின் வரிசைக்கு முன்னால் செல்வது இந்தப் பழைய பிக்கப். புறப்படும்போது அது ஹாரன் அடிக்க, பின்னாலுள்ளவை நகரத் தொடங்கும்.

இவ்வாண்டு என்ன நேர்ந்ததென்றால், தந்தையின் எண்பதாம் பிறந்தநாளை முன்னிட்டு, நகரத்தில் வாழும் மகன் குளிர்காலம் முழுவதும் வார இறுதிகளில் வந்து, வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பழைய பச்சை நிறத்திலேயே புது வண்ணம் பூசியிருந்தார். உண்மையிலேயே அருமையான வேலை. ஆலய வாசலில் நிறுத்தினால் நிலைக்கண்ணாடிபோல் முகம் தெரியும். ஆனால் அன்று முதல் ஹாரன் ஊமை. மகன் புதிய ஹாரன் ஒன்றை வாங்கினார். பலகைமேல் வைத்துப் பாட்டரியோடு இணைத்தால் அலறியது. வண்டியில் பூட்டினால் மௌனம். பழைய பாகங்கள் விற்பவரிடமிருந்து மூன்றாவது ஒன்று வந்தது. அதற்கும் அதே கதி. ரிலேயையும் மாற்றினார். பயனில்லை. “பெயிண்ட் அடிக்கும்வரை நன்றாக இருந்ததே” என்பது தந்தையின் வாதம். “எழுபது ஆண்டுக் கம்பிகள் வேறெப்படி இருக்கும்?” என்பது மகனின் வாதம். பெரியவர் இரு காதிலும் செவிக்கருவி அணிந்தவர். முதல் நாளன்று, “ஹாரன் அடிக்கிறது, உங்களுக்குத்தான் கேட்கவில்லை” என்று மகன் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் ஆறவில்லை. அந்த வீட்டில் ஹாரன் பேச்சு வந்தாலே இருவரும் வேறு பக்கம் பார்த்தனர்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்கே சென்றேன்.

ஹாரன் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை அறியாமல் அதன் பழுதைத் தேடுவது வீண். உள்ளே ஒரு கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தவுடன் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அந்த இரும்போடு மெல்லிய எஃகுத் தகடு ஒன்று பிணைந்திருக்கும். இரும்பு இழுபட்டதும் அதுவே ஒரு முனையை விலக்கி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். காந்தம் மறையும், தகடு துள்ளித் திரும்பும், முனை மறுபடி சேரும், மீண்டும் இழுப்பு. ஒரு விநாடியில் சில நூறு முறை இவ்வாறு நிகழ்வதால் தகடு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. இதற்கு முந்திய ‘கிளாக்சன்’ ஹாரனில், சிறு மோட்டார் ஒன்று பற்சக்கரத்தைச் சுழற்ற, அதன் பற்கள் தகட்டின் நடுவிலுள்ள குமிழைத் தட்டித் தட்டிக் கழுதைக் கனைப்பு போன்ற ஓசையை எழுப்பும். 1908ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கிய மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்னும் அமெரிக்கரே, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் காது மந்தமானோர்க்கான மின் செவிக்கருவியையும் ஆக்கியவர். ஒரே மனிதரின் மூளையிலிருந்து இவ்விரண்டும் வந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். அன்று அவர் சிரித்தது அது முதல் முறை.

ஹாரனுக்கு மின்சாரம் செல்லும் வழியும் எளியதே. ஹாரன் பொத்தான் பொதுவாக ஹாரனுக்கு நேரே மின்சாரம் அனுப்புவதில்லை. பொத்தானை அழுத்தும்போது, ஸ்டியரிங் தண்டின் வழியே வரும் மெல்லிய கம்பி ஒன்று வண்டியின் உடலோடு சேர்கிறது. அதனால் ரிலே என்னும் சிறு பெட்டியிலுள்ள காந்தம் விழித்துக்கொண்டு, பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியை ஹாரனோடு இணைக்கிறது. ரிலே இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றில் ஹாரனின் மின்சாரம் முழுவதும் பொத்தான் வழியே செல்லும். இந்த வண்டியில் பெரியவரே முன்னொரு நாளில் ரிலே ஒன்றைப் பொருத்தியிருந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதலில் தவறியவன் நானே. படித்த படிப்பின் செருக்கு. நேரே ஸ்டியரிங்கின் நடுவிலுள்ள பொத்தானைக் கழற்றி, அதன் சுருள்வில்லையும் தொடுமுனையையும் உப்புத்தாளால் தேய்த்து, அரை மணி நேரத்தைப் போக்கினேன். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அங்கேதான் களிம்பேறும் என்பது உண்மையே. ஆனால் தேய்க்குமுன் செவி கொடுத்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தச் சொல்லி ரிலேயின் அருகே காதை வைத்தபோது ‘டிக்’ என்று தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு சிறு ஒலி, பொத்தான் முதல் ரிலேயின் காந்தம் வரை யாவும் நலம் என்று சான்று சொல்லிவிட்டது. நான் தேய்த்தது யாவும் வீண்.

எஞ்சியிருந்தது ரிலேக்கு அப்பாலுள்ள பாதி. இதற்கு ஒரு சோதனை விளக்கு போதும். வண்டியின் மின்னழுத்தத்திற்கு ஏற்ற சிறு பல்பு ஒன்று, அதிலிருந்து இரண்டு கம்பிகள். விளக்கின் ஒரு கம்பியைப் பாட்டரியின் எதிர்முனையில் மாட்டி, மறு கம்பியை ஹாரனின் மின்முனையில் வைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். விளக்கு எரிந்தது. “பாருங்கள், மின்சாரம் ஹாரன் வரை வருகிறது. ஹாரன்தான் வேலை செய்யவில்லை. மூன்றாவதும் கெட்டுவிட்டது” என்றார் மகன், ஏறக்குறைய அழும் குரலில். அவருடைய முடிவில் பிழை காண்பது எளிதன்று. நம்மில் பலரும் இந்த இடத்தில் நான்காவது ஹாரன் வாங்கப் புறப்பட்டிருப்போம்.

இங்கேதான் நாம் மறந்துபோகும் ஒன்று இருக்கிறது. மின்சாரத்திற்குப் போகும் வழி மட்டும் போதாது, திரும்பும் வழியும் வேண்டும். வீட்டு விளக்கிற்கு இரண்டு கம்பிகள் இருப்பதைப் பார்க்கிறோம். வண்டியிலோ ஒரு கம்பியே கண்ணுக்குத் தெரியும். திரும்பும் வழியாக இருப்பது வண்டியின் இரும்பு உடலே. நம் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்று சொல்வது இதனைத்தான். ரப்பர் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கும் தரைக்கும் இதில் ஒரு தொடர்பும் இல்லை. செவர்லே வண்டிகளில் பாட்டரியின் எதிர்முனை இந்த இரும்போடு சேர்ந்திருக்கும். 1955ஆம் ஆண்டு வரை வந்த ஃபோர்டு வண்டிகளில் இதற்கு நேர் மாறாக நேர்முனை சேர்ந்திருக்கும். எப்படியாயினும் ஹாரனுக்குள் சென்ற மின்சாரம், ஹாரனின் உடல், அதைத் தாங்கும் இரும்புப்பட்டை, போல்ட், வண்டியின் உடல் என்று ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பாட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

விளக்கின் முதல் கம்பியைப் பாட்டரியிலிருந்து எடுத்து ஹாரனின் உடலில், வண்ணம் இல்லாத ஓரத்தில், மாட்டினேன். மறு கம்பி முன்போலவே ஹாரனின் மின்முனையில். பொத்தானை அழுத்தினர். இப்போது விளக்கு எரியவில்லை. மின்சாரம் வந்து நிற்கிறது, திரும்பிச் செல்ல வழியில்லாமல்.

அந்தக் கணத்தில் எனக்கு யாவும் விளங்கிவிட்டன. விளங்கியவுடன் நாவும் அடங்கிவிட்டது. ஹாரனைத் தாங்கும் பட்டை பளபளவென்று பச்சையாக இருந்தது. அது பூட்டப்பட்ட இடமும் பச்சை. போல்ட்டின் மரைக்குள்ளும் வண்ணம் இறங்கி உறைந்திருந்தது. வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பலகையின்மேல் அலறிய ஹாரன்கள் வண்டியில் ஏறியதும் ஊமையானதன் காரணம் அதுவே. மகன் ஐந்து மாதம் இரவும் பகலும் உழைத்துப் பூசிய அந்த வண்ணமே ஹாரனின் வாயை அடைத்திருந்தது. இதனைத் தந்தையின் முன்னிலையில் நான் எப்படிச் சொல்வது?

அந்த ஹாரன் பெரியவருக்கு என்ன என்பதை நான் அறிவேன். சாலையிலிருந்து வீட்டுப் பாதைக்குத் திரும்பும் முனையில் அவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். கோடையின் முடிவில் மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கும்போது, சரளைக்கல் சாலைகளின் சந்திகளில் எதிரே வருவது எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆதலால் அடிக்கத்தான் வேண்டும். ஹாரன் 200 அடித் தொலைவுக்காவது கேட்க வேண்டும் என்று இங்குள்ள பல மாநிலங்களின் சட்டமும் சொல்கிறது. ஆனால் அவர் அடித்தது அதற்காக மட்டும் அன்று. அடுக்களையில் இருந்தவருக்காக. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அந்த அம்மையாரை அடக்கம் செய்து வைத்தவன் நான்.

விளக்கை மகனின் கையில் கொடுத்தேன். “ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள்” என்றேன். முதலில் பாட்டரியில் மாட்டிப் பார்த்தார். எரிந்தது. பிறகு ஹாரனின் உடலில் மாட்டினார். எரியவில்லை. சிறிது நேரம் அசையாமல் நின்றார். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, அவர் கண்கள் ஹாரனிலிருந்து பட்டைக்கும், பட்டையிலிருந்து போல்ட்டுக்கும் இறங்கின. முகம் சிவந்தது. துண்டுக் கம்பி ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஹாரனின் உடலிலும் மறு முனையை எஞ்சினில் வெறும் இரும்பு தெரிந்த ஒரு போல்ட்டிலும் அழுத்திப் பிடித்து, “அப்பா, பொத்தானை அழுத்துங்கள்” என்றார்.

கொட்டகையே அதிர்ந்தது. மேலே உத்தரத்தில் இருந்த புறாக்கள் யாவும் எழுந்து பறந்தன.

“பெயிண்ட்தான் அப்பா. நான் அடித்த பெயிண்ட்தான்” என்றார் மகன். பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து அந்தப் பட்டையைக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். “ஓர் அங்குலமும் விடாதே என்று உன்னிடம் சொன்னது யார்? நான்தானே” என்றார்.

பிறகு நடந்தது கால் மணி நேர வேலை. பட்டை உடலோடு சேரும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் வெள்ளி போலாகும்வரை தேய்த்தோம். ஹாரன் பட்டையைத் தொடும் இடத்திலும் அவ்வாறே. போல்ட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பற்கள் உள்ள வாஷர் ஒன்றை இட்டு இறுக்கினோம். வெறும் இரும்பு மறுபடி துருவேறாமலிருக்க, இறுக்கிய பின் சுற்றிலும் சிறிது வாசலின் தடவினோம். எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் அடிச்சட்டத்திற்கும் இடையே ஓர் எர்த் பட்டை இருக்கும். அதன் இரு முனைகளையும் பார்த்தோம். அங்கும் பச்சை. அதனையும் தேய்த்தோம்.

இந்த வண்டி 6 வோல்ட் வண்டி என்பதால் இதில் இன்னும் கவனம் வேண்டும். செவர்லே பிக்கப்புகள் 1955இலும் ஃபோர்டு பிக்கப்புகள் 1956இலும் 12 வோல்ட்டுக்கு மாறின. அதே ஆற்றலைப் பெற 6 வோல்ட்டில் இரு மடங்கு மின்சாரம் ஓட வேண்டும். கணக்காகச் சொன்னால், பழுதான ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து 15 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆறில் கால் பங்கு! 12 வோல்ட் வண்டியில் பாதி மின்சாரமே ஓடுவதால் அதே இணைப்பில் இழப்பு பதினாறில் ஒரு பங்குதான். பழைய 6 வோல்ட் வண்டிகளில் ஹாரன் தொண்டை கட்டியவர்போல் முனகினால், ஹாரனின் பின்னாலுள்ள சரிசெய்யும் திருகைத் திருப்புமுன் இணைப்புகளைத் தேய்த்துப் பாருங்கள். அந்தத் திருகைக் கண்டபடி திருப்பிவிட்டுப் பிறகு வருந்துவோரை நான் கண்டிருக்கிறேன்.

நம் பங்குகளில் இன்னும் எங்கேனும் உயிரோடிருக்கும் பழைய ஜீப்புகளுக்கும் இதே முறைதான். ஊமைக்கு மாறாக ஓயாத அலறல் என்றால், ரிலேயிலிருந்து பொத்தானுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றுங்கள். அலறல் நின்றால் ஸ்டியரிங் தண்டுக்குள் அந்தக் கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். நிற்காவிட்டால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நள்ளிரவில் இது நேர்ந்தால் ஹாரனின் கம்பியையே உருவிவிட்டு உறங்கச் செல்லலாம். அண்டை வீட்டார் உங்களுக்காக மன்றாடுவர்.

மாலை வெயில் சாயும் நேரம். பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு சாலை வரை சென்று திரும்பினார். அவ்வாண்டு விதைத்த சோளம் இன்னும் முளைக்காத வயல்களுக்கு நடுவே, வெகு தொலைவிலிருந்தே அந்தப் பச்சை தெரிந்தது. வீட்டுப் பாதையின் முனையில் வண்டி திரும்பியது. இரண்டு முறை ஹாரன் ஒலித்தது.

என்னருகே வாசற்படியில் நின்றிருந்த மகன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே சிறிது நேரம் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.